முயல்கள் ஓடவில்லை

ஜீப் பண்ணை முற்றத்துக்குள் நுழைந்தபோது, நட்டநடுவில் உட்கார்ந்திருந்த முயல் எழுந்து ஓடவில்லை.

கெத்தின் ஹாரனை அழுத்தினான். சத்தம் எதிர்க் குன்றில் பட்டுத் திரும்பி வந்தது. முயலின் காது அசையவில்லை. முன்சக்கரம் ஒரு சாண் தூரத்தில் வந்து நின்ற பிறகும் அது முதுகை வண்டிக்கும் முகத்தை மேட்டு வயலுக்கும் காட்டிக்கொண்டு அப்படியே குந்தியிருந்தது.

"பாத்தியா மச்சான், வாசல்லயே வரவேற்பு," என்று சிரித்துக்கொண்டே கெத்தின் இறங்கினான். பின்னங்கால்களைப் பிடித்து முயலைத் தலைகீழாகத் தூக்கி, உள்ளங்கையின் ஓரத்தால் பிடரியில் ஒரே வெட்டு. சுள்ளி முறிகிற சத்தம். உயிர் போகிற வரைக்கும் முயல் ஒரு தடவைகூட உதறவில்லை.

அல்வின் அதை வாங்கி, கட்டைவிரலால் இமையை விலக்கிப் பார்த்தான். இருபத்தாறு வருடங்களாக அவன் அந்த வேல்ஸ் பள்ளத்தாக்கின் தபால்காரன். கடிதம் கொடுத்த வீடுகளிலெல்லாம் அனுமதி வாங்கி, அவர்கள் நிலத்தில் காற்றுத் துப்பாக்கியால் முயல் அடிக்கிறவன். கண் வீங்கி, சீழ் கட்டி, திசை தெரியாமல் பாதையில் வந்து உட்காரும் நோய் கண்ட முயல்களை அவன் நிறையப் பார்த்திருக்கிறான். இது அப்படியில்லை. கண் தெளிவாக இருந்தது. கொழுத்த, நல்ல முயல். வயிறு மட்டும் ஒட்டிக் கிடந்தது.

"நோயில்ல," என்றான் அல்வின்.

"அப்ப குழம்புக்கு ஆச்சு," என்றான் கெத்தின்.

கெத்தின் அல்வினின் தங்கை நெரிஸைக் கட்டியவன். முப்பத்தாறு வயது. வாய் கொஞ்சம் நீளம், மனசு மோசமில்லை. போன மாதம்தான் புதுத் துப்பாக்கி வாங்கியிருந்தான்; ஒரு குப்பிக் காற்றில் நாற்பது தடவை சுடலாம், குழல் முனையில் சத்தம் அடக்கி வேறு. அல்வினிடம் இருந்தது, ஒவ்வொரு குண்டுக்கும் குழலை மடக்கி இறுக்க வேண்டிய பழைய துப்பாக்கி.

டெலித் சமையலறைக் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். ஐம்பதைத் தாண்டிய, தனி ஆளாக முந்நூறு ஆடுகளைக் கட்டி மேய்க்கிற பெண். கையில் தேநீர்க் குவளை இருந்தது. அதை அவள் குடித்த மாதிரித் தெரியவில்லை.

"போன தடவ என் கேட்டைத் திறந்து போட்டுட்டுப் போன மகராசன் இவன்தானே?"

"அது காத்துதான்க்கா," என்றான் கெத்தின்.

"காத்து வந்து கொக்கியக் கழட்டுச்சாக்கும்." அவள் சிரிக்கவில்லை. அல்வினைப் பார்த்துப் பேசினாள். "நாலு நாளாச்சு அல்வின். ராத்திரி பகல்னு இல்லாம மேட்டு வயல்ல உக்காந்திருக்குதுங்க. புல்லத் திங்கல. வளைக்குள்ள போகல. நேத்து ஆடுங்கள அங்க ஓட்டுனேன், கேட்டைத் தாண்ட மாட்டேங்குது ஒண்ணும். அடிச்சாலும் தாண்டல."

"நரி கிரி எதாச்சும் வளைக்குள்ள புகுந்துருக்கா?"

"நரின்னா ஓடுமே. இதுங்க ஓடலையே." குவளையில் இருந்ததைச் செந்தட்டிப் புதரில் ஊற்றினாள். "எல்லாத்தையும் அடிச்சிருங்க. ஒண்ணு விடாம. பாக்கவே எனக்கு நல்லால்ல."

ஜூன் மாதத்து மாலை. மணி எட்டாகியும் வெயில் சரிவின்மேல் தேன் நிறத்தில் சாய்ந்து கிடந்தது. வேல்ஸ் மலைகளில் அந்த நாட்களில் இருட்டு என்பது பத்து மணிக்குமேல் வருகிற விருந்தாளி. இருவரும் பாதையில் ஏறினார்கள். வழக்கமாக இந்த ஏற்றத்தில், மிதிபட்ட புல்லும் ஆட்டுப் புழுக்கையும் வேலியோரத்து முள்மரப் பூவும் கலந்த வாசனை ஒன்று வரும், அல்வினுக்கு அது வீட்டு வாசனை மாதிரி. இன்று அதற்கு அடியில் வேறொன்று இருந்தது, வெகுநாள் திறக்காத நிலவறையைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே, ஈரமண்ணும் துருவும் திரிந்த பாலும் சேர்ந்தாற்போல, அது. காற்று மேலிருந்து கீழே வந்துகொண்டிருந்தது. தலைக்குமேல் ஒரு பறவைகூட இல்லை என்பதை அவன் கொஞ்சம் தாமதமாகத்தான் கவனித்தான்.

கேட்டுக்கு வந்ததும் பழக்க தோஷத்தில் இருவரும் குனிந்தார்கள். அறுபது கெஜத்தில் முயல் மனிதனைக் கண்டுகொள்ளும். முப்பது கெஜத்துக்குள் போனால்தான் அந்தச் சின்னத் துப்பாக்கியால் கொல்ல முடியும், அதுவும் கண்ணுக்கும் காதுக்கும் இடையில் ஒரு நாணய அளவு இடத்தில் பட்டால். அதனால் வயிற்றால் ஊர்ந்து போக வேண்டும். அரைமணி நேரம் ஊர்ந்து, ஒன்று அடித்து, மற்றதெல்லாம் வளைக்குள் பாய்ந்த பிறகு, இன்னொரு அரைமணி காத்திருக்க வேண்டும். ஒரு மாலைக்கு மூன்று கிடைத்தால் நல்ல நாள்.

அல்வின் கேட்டுக் கம்பிகளின் வழியாகப் பார்த்தான். பிறகு மெதுவாக நிமிர்ந்து நின்றான். குனிய வேண்டிய தேவையே இல்லை.

வயல் முழுக்க முயல்கள். இருநூறு இருக்கும், அதற்குமேலும் இருக்கலாம். பெரியவை, குட்டிகள், முகவாய் நரைத்த கிழடுகள், எல்லாம் திறந்த புல்வெளியில், ஒன்றோடொன்று உரசாமல், கோயில் திருவிழாவில் தேர் வருவதற்குக் காத்திருக்கிற கூட்டம்போல உட்கார்ந்திருந்தன. எல்லா முகங்களும் ஒரே பக்கம். வயலின் தலைமாட்டில் முள்வேலிக்குக் கீழே நீளமாக ஓடும் மண்மேட்டைப் பார்த்து. அந்த மேட்டில்தான் அவற்றின் வளைகள் இருந்தன. நாற்பது ஐம்பது கறுப்பு வாய்கள்.

"ஐயோ கடவுளே," என்று கெத்தின் மூச்சு விட்டான். பயத்தில் இல்லை, ஆசையில்.

முதல் குண்டு அவனுடையது. 'தப்' என்று ஒரு சின்னச் சத்தம், புத்தகத்தை மூடுவதுபோல. ஒரு முயல் சாய்ந்து கால்களை உதைத்துக்கொண்டது. அதன் பக்கத்தில் இருந்தது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தப். அதுவும் சாய்ந்தது. தப். தப். அல்வினும் குழலை மடக்கி, ஈயக்குண்டை வைத்து, ஒன்றை அடித்தான். பிறகு இன்னொன்று. ஐந்தாவதோடு நிறுத்திவிட்டான். விசையை இழுக்கும்போது உள்ளுக்குள் எப்போதும் ஒரு கணக்கு நடக்கும், அது தப்பிக்கும், நான் பிடிப்பேன் என்று. அந்தக் கணக்கு இன்று நடக்கவே இல்லை. கட்டிவைத்திருந்ததை அடிப்பதுபோல இருந்தது.

கெத்தின் நிறுத்தவில்லை. முதல் பத்துக்குச் சிரித்தான், ஒவ்வொன்றுக்கும் ஒரு கிண்டல் சொன்னான். இருபதுக்கு மேல் சிரிப்பு நின்றது. முப்பதுக்கு மேல் குறிபார்ப்பதை விட்டான். எழுந்து அவற்றின் நடுவே நடந்துபோய், குழல் முனையைத் தலையில் வைத்தே சுட்டான். குண்டு தீர்ந்தபோது மாற்றுவதற்குக்கூடப் பொறுமையில்லாமல் துப்பாக்கியின் கட்டையால் ஒன்றை அடித்தான். மண்டை ஈரமாக உள்ளே போனது. அடுத்ததைக் குதிகாலால் மிதித்தான். புல்லில் ரத்தம் பளபளத்தது. அவன் கால்சட்டை முழங்கால்வரை கறுத்து ஒட்டிக்கொண்டிருந்தது. மிதிபட்டவை சாகிற நொடியில்கூட மண்மேட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"போதும்டா மாப்ள."

"அக்கா எல்லாத்தையும்னுதானே சொன்னாங்க."

"உன் மூஞ்சப் பாரு. போதும்ங்கறேன்."

கெத்தின் திரும்பினான். கன்னத்தில் ஒரு துளி ரத்தம். கண்ணில் ஏதோ கலைந்ததுபோல இருந்தது, தூக்கத்தில் நடந்தவனை எழுப்பினாற்போல. "எனக்கே ஒரு மாதிரியாத்தான் இருக்கு மச்சான்," என்றான் தாழ்ந்த குரலில். "ஒண்ணாச்சும் ஓடித் தொலச்சா நிறுத்திருவேன். ஏன் ஓட மாட்டேங்குது?"

அல்வினின் கணுக்காலில் ஏதோ பட்டது. குனிந்து பார்த்தான். ஒரு முயல் பின்னோக்கி நகர்ந்து நகர்ந்து வந்து, அவன் பூட்ஸில் முதுகை அழுத்திக்கொண்டு நின்றது. அந்தப் பக்கம் இன்னொன்று. பூட்ஸின் தோலையும் தாண்டி அவற்றின் இதயம் அடிப்பது அவன் காலுக்குத் தெரிந்தது. நாற்பதைக் கொன்ற கூட்டத்தில் ஒருவனிடம் அவை ஒதுங்கின. மேட்டிலிருந்து தள்ளி நிற்பதற்காக.

அப்போது அது கேட்டது.

தொம்.

ஆபத்தைக் கண்ட முயல் பின்னங்காலால் தரையைத் தட்டி மற்றவற்றை எச்சரிக்கும். அல்வின் ஆயிரம் தடவை கேட்ட சத்தம். இதுவும் அதேதான். ஆனால் காதில் கேட்கவில்லை, உள்ளங்காலில் கேட்டது. கீழேயிருந்து. முயல் அளவு இல்லாத ஒன்றின் காலிலிருந்து.

வயல் முழுக்க முயல்கள் வயிற்றைத் தரையோடு ஒட்டிப் படுத்தன.

கெத்தினுக்கு அது கேட்டதா தெரியவில்லை. மறுபடி குண்டு போட்டு, அதே நொடியில் அவன் கடைசியாக ஒன்றைச் சுட்டிருந்தான். தலையில் படவில்லை, இடுப்பில் பட்டது. அந்த முயல் கத்தியது. முயல் கத்தினால் கைக்குழந்தை கத்துவதுபோல இருக்கும்; கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு, வலியில் கண்மண் தெரியாமல், அன்று மாலை ஓடிய ஒரே முயல் அதுதான். நேரே மேட்டுக்கு ஓடி, நடுவில் இருந்த பெரிய வளைக்குள் விழுந்தது. உள்ளேயிருந்தும் கத்தியது.

"ஓடிருச்சுல்ல. வா, கிளம்புவோம்," என்றான் கெத்தின்.

அல்வின் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அவனுக்கும் கால் பண்ணை வீட்டுப் பக்கம்தான் இழுத்தது. ஆனால் காயப்பட்டதை அப்படியே விட்டுவிட்டுப் போவதில்லை என்பது அவன் வாழ்நாள் முழுக்கக் காத்த ஒரே விதி. அந்தக் கத்தலைத் தாங்கவும் முடியவில்லை.

"அத முடிச்சுட்டு வா," என்றான். "அப்படியே விடக் கூடாது. நீ சுட்டது, நீதான் எடுக்கணும்."

கெத்தின் முணுமுணுத்தான். துப்பாக்கியைப் புல்லில் வைத்தான். மேட்டில் ஏறி, வளையின் முன்னால் குப்புறப் படுத்து, வலது கையை உள்ளே விட்டான். முழங்கை வரை. தோள் வரை. கன்னம் மண்ணில் அழுந்தியது. முகம் அல்வின் பக்கம் திரும்பியிருந்தது.

கத்தல் பாதியில் நின்றது.

"கெடச்சிருச்சு," என்றான் கெத்தின். பிறகு, "இல்ல." பிறகு, மெதுவாக, "மச்சான். என் கையப் புடிச்சிருக்கு."

"கடிக்குதா? இழு கைய."

"கடிக்கல. புடிச்சிருக்கு. வெரல் மாதிரி இருக்கு."

அவன் சிரிக்க முயன்றான். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் அவன் தோள் மேட்டில் மோதியது. சாக்கில் கட்டிய விறகைச் சுவரில் அறைந்தது போன்ற சத்தம். அல்வின் ஓடினான். கெத்தினின் இடுப்புப் பட்டையை இரண்டு கையாலும் பற்றி, குதிகாலை மண்ணில் ஊன்றி இழுத்தான். உள்ளேயிருந்து வந்த இழுப்பில் அவசரம் இல்லை, கோபம் இல்லை. கிணற்றில் வாளி இழுக்கிற மாதிரி, ஒரு பிடி, ஒரு ஓய்வு, ஒரு பிடி.

வளையின் வாய் ஒரு முயல் புகும் அளவுதான். அது அகலவில்லை. கெத்தின்தான் குறுகினான்.

தோள்பட்டை எலும்பு முறிந்தது. கழுத்தெலும்பு. நெஞ்சு மடங்கி உள்ளே நுழைய ஆரம்பித்தபோது விலா எலும்புகள் ஒவ்வொன்றாக, வரிசையாக. அவன் வாயிலிருந்து வந்த சத்தமும் அந்த முயலின் சத்தமும் ஒன்றுபோலவே இருந்தன.

"விடாத... மச்சான்... விட்ராத..."

"விடல! விடலடா! இந்தா புடிச்சிருக்கேன்!"

அப்போது கெத்தினின் பச்சை ஜாக்கெட்டுக்குள் ஏதோ அசைந்தது. முதுகில், துணிக்கு அடியில். தோள் பக்கமிருந்து இடுப்பை நோக்கி. தடவித் தடவி. ஐந்து மேடுகளாக. ஜாக்கெட்டின் கீழ் விளிம்பிலிருந்து அது வெளியே வந்ததை அல்வின் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டான். மணிக்கட்டில் பட்டதை உணர்ந்தான். ஈரம். குளிர். நாடி பார்க்கும் மருத்துவரைப்போல, மென்மையாக, அவன் நரம்பின்மேல் வந்து நின்றது.

அல்வின் கையை விட்டான்.

கண்ணைத் திறந்தபோது கெத்தின் அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு கண்தான் வெளியே இருந்தது. அந்தக் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது, கை நழுவவில்லை, விடப்பட்டது என்று. பிறகு அந்தக் கண்ணும் போயிற்று. கால்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, பூட்ஸ் குதிகால்கள் புல்லில் இரண்டு கோடு கிழித்துக்கொண்டு, போயின.

வளையின் வாயில் கொஞ்சம் மண் சரிந்தது. அவ்வளவுதான்.

முயல்கள் எழுந்தன. எல்லாம் ஒரே நேரத்தில். நாலு நாளாக அசையாத அத்தனையும் மேட்டுக்கு முதுகைக் காட்டிச் சரிவில் பாய்ந்தன. அல்வினும் ஓடினான். துப்பாக்கியை எங்கே விட்டான் என்று தெரியாது. கேட்டைத் தாண்டினானா, ஏறிக் குதித்தானா, தெரியாது. இருபுறமும் பழுப்பு வெள்ளம். அவன் அதில் ஒருவனாக ஓடினான். காலடியில் மண் அவ்வப்போது அதிர்ந்தது. பின்னால் இல்லை. கூடவே.

சமையலறைக் கதவு திறந்திருந்தது. முயல்கள் உள்ளே கொட்டின. டெலித் அடுப்பருகே, கையில் பூரிக்கட்டையோடு, வாயைப் பிளந்து நின்றாள். அல்வின் உள்ளே விழுந்து, கதவை அறைந்து சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டான்.

"என்னாச்சு? ரத்தமா இருக்கு, அல்வின், யார் ரத்தம் இது? கெத்தின் எங்க?"

அவனால் மூச்சு விட முடியவில்லை. அந்த ஒற்றைக் கண் முன்னால் நின்றது. நெரிஸின் முகம் நின்றது. எங்கிருந்தோ அந்தப் பொய் வந்தது.

"பின்னாடி... பின்னாடி வர்றான்."

"தனியா விட்டுட்டா வந்த?"

"வர்றான்க்கா. வந்துருவான்."

முயல்கள் தரையை விட்டு ஏறிக்கொண்டிருந்தன. நாற்காலிகளில். தொட்டியில். பாத்திர அலமாரியில், தட்டுகளைத் தள்ளி உடைத்துக்கொண்டு. மாடிப்படியில், படிக்கு எட்டுப் பத்தாக, ஒன்றின்மேல் ஒன்று. கொஞ்ச நேரத்தில் கற்பலகை பாவிய தரை முழுக்கக் காலியாகிவிட்டது. டெலித் மேசைமேல் ஏறி, காலை மடக்கி உட்கார்ந்தாள்.

தரையில் நின்றது அல்வின் மட்டும்.

தொம்.

கதவருகே இருந்த பலகைக்கல் ஒரு விரல் உயரம் எழும்பியது. கதவின் அடியில் முட்டி நின்றது. அல்வின் தாழ்ப்பாளை நீக்கி இழுத்தான். கதவு அசையவில்லை. மறுபடி இழுத்தான். தோளால் மோதினான்.

நிலவறை வாசனை.

தொம். அடுத்த கல். தொம். அதற்கடுத்தது, அவன் பக்கம். இடுக்குகளிலிருந்து பொடிமண் பொங்கி வழிந்தது. மண்ணுக்கு அடியில் யாரோ மூச்சு வாங்கும் சத்தம், நிதானமாக. பிறகு ஒரு குரல். வாய் நிறைய மண்ணோடு பேசுகிற குரல்.

"மச்சான்."

"கெத்தினா?" என்று டெலித் கிசுகிசுத்தாள். "கீழ எப்படிடா போனான்? அல்வின், யார் அது கீழ?"

அல்வின் முதுகைக் கதவில் ஒட்டிக்கொண்டான். அவன் காலுக்கு முன்னாலிருந்த கல் சத்தமில்லாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கறுப்பு இடைவெளியிலிருந்து ஒரு கை வந்தது. பச்சை ஜாக்கெட் கை. முழங்கை வந்தது. அதற்குப் பிறகும் வந்தது. இன்னொரு இடத்தில் மடிந்தது, இன்னொரு இடத்தில் மடிந்தது, ஆறடி வந்தும் தோள் வரவில்லை. தரையில் ஊர்ந்து, அவன் பூட்ஸுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. புரண்டது. நகங்கள் இல்லாத ஐந்து விரல்களும் மெல்ல விரிந்தன.

"புடி மச்சான்," என்றது கீழேயிருந்த குரல்.

உள்ளங்கை திறந்தபடி காத்திருந்தது.